அப்பச்சி மறுபடி கார் ஓட்டலாமா?

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார். அவருடைய அப்பச்சிக்கு (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) 68 வயது. பள்ளத்தூர் வீட்டில் ஆத்தாவும் (அம்மா) அவரும் மட்டும். எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் இழுத்துக்கொண்டன. இப்போது தடியில்லாமல் நடக்கிறார். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை, மாத்திரை எடுக்கிறார். லைசென்ஸ் வருகிற மாசியில் முடிகிறது. "சங்கடஹர சதுர்த்திக்குப் பிள்ளையார்பட்டிக்கு எப்பவும்போல நானே ஓட்டிக்கிட்டுப் போவேன்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். தெரிந்த டாக்டர் ஒருவர் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். விடலாமா, கூடாதா, எதை வைத்து முடிவெடுப்பது?

நான் காரைக்குடியில் 27 வருடமாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். அந்த ஃபாரத்தில் கணக்கில்லாமல் கையெழுத்துப் போட்டவன் என்பதால், முதலில் அந்தக் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்று சொல்லிவிடுகிறேன்.

நாற்பது வயதைத் தாண்டியவர் லைசென்ஸ் எடுக்கவோ புதுப்பிக்கவோ படிவம் 1ஏ வேண்டும். பதிவு பெற்ற மருத்துவர் தர வேண்டிய சான்று. அதில் கேட்பது இவ்வளவுதான்: பார்வையில் குறை உண்டா, கண்ணாடியால் சரியாகிறதா? நிறக்குருடு கடுமையாகவோ முழுசாகவோ உண்டா? நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்துக் கார் நம்பர் பிளேட் தெரிகிறதா? சாதாரண ஹாரன் சத்தம் காதில் விழுகிறதா? மாலைக்கண் உண்டா? வண்டி ஓட்டுவதைக் கெடுக்கும்படி கை காலில் ஊனம் உண்டா? அப்புறம் ரத்த வகை, அதுவும் விருப்பமிருந்தால். விண்ணப்பிப்பவரே நிரப்பும் படிவம் 1 வேறு. அதில் வலிப்பு, திடீர் மயக்கம், தலைசுற்றல் உண்டா என்று முதல் கேள்வி. ரோட்டில் ஆபத்து உண்டாக்கும் வேறு நோய் ஏதும் உண்டா என்று கடைசிக் கேள்வி. நம் ஆட்கள் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று ஒரே மூச்சில் எழுதிவிடுவார்கள்.

இந்த இரண்டு படிவத்திலும் கவனம், நினைவு, பார்வையின் ஓரங்கள் பற்றி நேராக ஒரு வரி கிடையாது. கையை மடக்கு, காலை நீட்டு, போர்டைப் படி என்று பார்த்தால் உங்கள் அப்பச்சி பாஸ். டாக்டர் பொய்ச்சான்று கொடுத்ததாகவும் ஆகாது. கேட்டதற்குப் பதில் எழுதியிருப்பார்.

நானே அப்படி ஒன்று செய்திருக்கிறேன். தொழில் ஆரம்பித்த புதிது. தெரிந்த மனிதர், அறுபதைத் தாண்டியவர், 1ஏ ஃபாரத்தோடு வந்தார். தூரத்து எழுத்தெல்லாம் கடகடவென்று படித்தார். இரண்டு நிமிடத்தில் கையெழுத்து, ஒரு காபி, வேலை முடிந்தது. மூன்றாம் மாதம் ஒரு பொழுது சாய்ந்த நேரத்தில், ரோட்டோரம் நின்றிருந்த டிராக்டர் டிரெய்லரின் முனையில் மோதினார். தோள்பட்டை எலும்போடு போயிற்று. பிற்பாடு கண் மருத்துவமனையில் பார்த்தபோது இரண்டு கண்ணிலும் கிளாக்கோமா, அதாவது கண் நரம்பை அரிக்கும் நோய். நடுப்பார்வை முழுசாக இருந்தது, ஓரப்பார்வை பாதி தின்றுபோயிருந்தது. குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி. நம்பர் பிளேட் சோதனை குழாயின் நடுவை மட்டும்தான் சோதிக்கும். அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, உங்கள் அப்பச்சி விஷயத்துக்கு வருவோம்.

பக்கவாதம் என்றதும் வீட்டில் எல்லோரும் கை காலைத்தான் பார்ப்பார்கள். கை தூக்க வருகிறதா, படி ஏறுகிறாரா. அது தேறிவிட்டால் ஆள் தேறிவிட்டார். ஆனால் இடது கை கால் இழுத்தது என்றால் அடிபட்டது மூளையின் வலதுபக்கம். அந்தப் பக்கத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. நம்மைச் சுற்றியுள்ள இடத்தை, முக்கியமாக இடப்பக்கத்தை, கவனத்தில் வைத்திருப்பது. அது கெட்டால் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மனிதருக்கு உறைக்காது. கண் நன்றாக இருக்கும், கவனம்தான் அந்தப் பக்கம் போகாது.

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒருவரை அவர் வீட்டு ஆச்சி கூட்டி வந்திருந்தார். லைசென்ஸ் ஃபாரம்தான். நடை நன்றாக இருந்தது, பேச்சு கணீரென்று இருந்தது, வட்டிக்கணக்கு மனதிலேயே போட்டார். ஒரு தாளில் வட்டம் போட்டுக் கொடுத்து, "இதைக் கடிகாரமாக்கி பதினொன்று பத்து காட்டுங்க" என்றேன். பன்னிரண்டிலிருந்து ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று வலது விளிம்பிலேயே நெருக்கி நெருக்கி எழுதிக்கொண்டு வந்து, பதினொன்றை ஆறு இருக்கவேண்டிய இடத்தில் கொண்டுபோய் வைத்தார். இடது பாதி வெற்று வெள்ளையாக இருந்தது. "சரியா இருக்கா?" என்று கேட்டேன். தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல என்ன தப்பு?" என்றார். ஆச்சி பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்: "இலையில உப்பு ஊறுகாய் வைக்கிற பக்கத்தைத் தொடவே மாட்டேங்கிறாக டாக்டர். பத்தியமா இருக்காகன்னு நெனச்சேன்."

யோசித்துப் பாருங்கள். நம் நாட்டில் இடதுபக்கம் ஓட்டுகிறோம். சைக்கிள்காரர், ஆடு, பஸ்ஸுக்கு நிற்கிற பள்ளிப் பிள்ளை, தைப்பூசத்துக்குப் பழனிக்கு இருட்டில் நடந்து போகிற பாதயாத்திரைக்காரர், எல்லாம் இருப்பது காருக்கு இடப்பக்கம். அந்தப் பக்கம் உறைக்காதவர் கையில் ஸ்டியரிங் இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எனவே உங்கள் அப்பச்சியிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான், கையும் காலும் அப்புறம். ஆத்தாவிடம் போனில் கேளுங்கள்: இலையில், தட்டில் இடப்பக்கம் மிச்சம் வைக்கிறாரா? நடக்கும்போது இடது தோள் நிலைக்கதவில் இடிக்கிறதா? சட்டையின் இடது கையை மாட்ட மறக்கிறாரா? பக்கவாதத்துக்குப் பிறகு எப்போதாவது காரை வெளியே எடுத்திருந்தால், இடது கண்ணாடியிலும் பின் கதவிலும் புதுக் கீறல் இருக்கிறதா? வாசல் கேட் நெருக்கமாக இருக்கிற வீடு என்றால் கார் சொல்லிவிடும்.

இதற்குப் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி இன்னொரு குறை உண்டு: பார்வைப் புலத்தில் பாதி அப்படியே போய்விடுவது. இரண்டு கண்ணிலும் ஒரே பக்கத்துப் பாதி போகும். நேர் எதிரே ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, உங்கள் மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு, ஓரத்திலிருந்து விரலை ஆட்டிக்கொண்டு வந்தால் பெரிய குறை தெரிந்துவிடும். சிறியது தெரியாது. கண் மருத்துவமனையில் கருவியில் தலையை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொல்லும் 'ஃபீல்ட் டெஸ்ட்' எடுக்கவேண்டும். மதுரை போனால் அரைநாள் வேலை. பிரிட்டனில் சொந்தக் கார் ஓட்டவே கிடைமட்டத்தில் 120 டிகிரி பார்வைப் புலம் வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நம் படிவத்தில் கேட்கவில்லை என்றாலும் ரோடு கேட்கும். சர்க்கரைக்காரருக்கு விழித்திரையில் லேசர் வைத்திருந்தால் இந்தச் சோதனை இன்னும் அவசியம். லேசர் பார்வையைக் காப்பாற்றும், ஓரத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும்.

கண்புரையை மட்டும் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது நல்ல செய்தி. எதிரே வருகிற வண்டி வெளிச்சம் பூ மாதிரி விரிந்து கண்ணை மறைக்கிறது என்றால் பெரும்பாலும் புரை. அறுவை சிகிச்சை செய்தால் தீர்ந்தது. இதைப் போய் வயசாகிவிட்டது என்று சொல்லி ஓட்டுவதையே விட்டவர்களும் உண்டு.

அடுத்தது கவனம் தாவும் வேகம். கார் ஓட்டும்போது ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சங்கதி ஓடும். கியர், முன்னால் போகிற மினி பஸ், குறுக்கே வரப்போகிற டிவிஎஸ் 50. இதைச் சோதிக்க, தாளில் சிதறலாக 1, அ, 2, ஆ, 3, இ என்று எழுதி, எண்ணும் எழுத்தும் மாறி மாறிக் கோடு இழுத்துச் சேர்க்கச் சொல்வோம். ஆங்கில எழுத்தில் இருக்கும் மூல சோதனையில் மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனால் மேற்கொண்டு பார்க்கவேண்டும் என்பது வழக்கம். தமிழ் எழுத்தில் அந்த மூன்று நிமிடக் கணக்கை அப்படியே பிடித்துத் தொங்க முடியாது, படிப்புப் பழக்கமும் குறுக்கே வரும். ஆனால் நேரத்தைவிட ஆள் எப்படிச் செய்கிறார் என்று பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. தப்பைத் தானே கண்டுபிடித்துத் திருத்துகிறாரா, இல்லை தப்பு என்றே தெரியாமல் போகிறாரா? தன் குறை தெரிந்தவர் மெதுவாக ஓட்டுவார், இரவில் எடுக்கமாட்டார். தெரியாதவரைத்தான் எனக்குப் பயம்.

இந்தத் தாள் சோதனை எதுவும் தனியாகத் தீர்ப்புச் சொல்லாது. கடிகாரம் கோணலாக வந்தது என்று சாவியைப் பிடுங்குவதும் தப்பு, அழகாக வந்தது என்று அனுப்பிவிடுவதும் தப்பு. ரோட்டில் பார்க்கவேண்டும். அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் சர்க்கரை. எந்த மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை, அதுதான் முக்கியம். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை தாழ்ந்துபோகும் பயம் மிகக் குறைவு. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ இருந்தால் கதை வேறு. அவர் போவது எப்போது? சங்கடஹர சதுர்த்திக்கு. அன்றைக்கு விரதம். காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் சாப்பிடாமல், சாயங்காலம் குன்றக்குடி வழியாகக் காரில் கிளம்பினால், கோவில் வாசலில் மோதகம் கிடைப்பதற்குள் சர்க்கரை 60-க்கு இறங்கியிருக்கலாம். இறங்கும்போது கை நடுங்கும், வியர்க்கும், அப்புறம் புத்தி மந்தமாகும். மந்தமான புத்திக்குத் தான் மந்தமாக இருப்பது தெரியாது. நாள்பட்ட சர்க்கரைக்காரர் பலருக்கு அந்த நடுக்கமும் வியர்வையும்கூட வராது. பிரஷருக்குக் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகளும் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைக்கும். இன்சுலினோ தாழ்சர்க்கரை வரவழைக்கும் மாத்திரையோ எடுப்பவருக்கு நான் சொல்வது: வண்டியை எடுக்குமுன் குளுக்கோமீட்டரில் பார், 90-க்குக் கீழ் என்றால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு எடு, 70-க்குக் கீழ் என்றால் எடுக்கவே எடுக்காதே. வழியில் தாழ்ந்தால் ஓரங்கட்டி, சாவியை உருவிவிட்டு, சர்க்கரை சாப்பிடு. அளவு சரியான பிறகும் முக்கால் மணி நேரம் உட்கார். மூளை தேற ரத்தத்தைவிட அதிக நேரம் எடுக்கும். காரில் குளுக்கோஸ் பாக்கெட் இருக்கட்டும், டிக்கியில் வேண்டாம், கைக்கு எட்டுகிற இடத்தில். கடந்த ஒரு வருடத்தில் அடுத்தவர் உதவி வேண்டியிருந்த அளவுக்கு இரண்டு தடவை தாழ்ந்திருந்தால், மருந்தை மாற்றிச் சீராகும்வரை நான் ஓட்டவே விடமாட்டேன்.

சர்க்கரையின் இன்னொரு சேட்டை பாதத்தில். செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் உள்ளே நடந்து வருவார்கள், கிளினிக்கில் வாரத்துக்கு ஒருவரையாவது பார்க்கிறேன். அந்தப் பாதம் ஆக்சிலேட்டரை எவ்வளவு அழுத்துகிறது என்று அதற்கே தெரியாது. நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்த்தால் உணர்ச்சி எவ்வளவு மிச்சம் என்று தெரியும். பாத எரிச்சலுக்கு பிரிகாபலின் கொடுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள், அது தூக்கம் வரவழைக்கும். தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை, சளிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரை, எல்லாம் இந்த வகைதான். மாத்திரைப் பெட்டியை அப்படியே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு தடவையாவது வலிப்பு வந்ததா என்பதையும் கேட்கவேண்டும். வந்திருந்தால் மேலே உள்ளது எல்லாம் பின்னால் போய்விடும். பிரிட்டனில் வலிப்பு இல்லாமல் ஒரு வருடம் கழிந்தால் சொந்தக் கார் ஓட்ட விடுவார்கள், லாரி, பஸ் என்றால் மருந்தே இல்லாமல் பத்து வருடம். நம் சட்டத்தில் அப்படிக் காலக்கணக்கு கிடையாது, வலிப்பு உண்டா இல்லையா என்ற ஒரே கேள்விதான். இதனால் என்ன ஆகிறது என்றால், மருந்தில் ஐந்து வருடமாக நன்றாக இருக்கும் பையனும் மறைக்கிறான், போன மாதம் விழுந்தவனும் மறைக்கிறான். டாக்டரிடமே மறைக்கிறார்கள். எனக்கு இதில் சட்டத்தின் மேல் வருத்தம் உண்டு. ஆனால் மறைத்து எடுத்த லைசென்ஸைப் பறிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 19-ஆம் பிரிவு அது. 16-ஆம் பிரிவின்படி, நோயால் ஒருவர் ஓட்டத் தகுதியில்லை என்று நம்பக் காரணம் இருந்தால், நடுவிலேயே மருத்துவச் சான்று கேட்கவோ லைசென்ஸை ரத்து செய்யவோ லைசென்ஸ் அதிகாரிக்கு முடியும். உடம்போ மனமோ சரியில்லை என்று தெரிந்தே ஓட்டினால் 186-ஆம் பிரிவில் அபராதம், 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவை 1,000 ரூபாய், அடுத்து 2,000. தொகை சின்னதுதான். விபத்து நடந்தபின் வக்கீல் கையில் அது என்னவாகும் என்பது வேறு கணக்கு.

இப்போது கை, கால். கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. இங்கேதான் வழி அதிகம். உங்கள் அப்பச்சிக்கு வலது கால் நன்றாக இருக்கிறது. ஆக்சிலேட்டரும் பிரேக்கும் அந்தக் கால் வேலை. இடது காலுக்குள்ள ஒரே வேலை கிளட்ச், ஆட்டோமேட்டிக் கார் என்றால் அதுவும் இல்லை. இடது கை பலவீனமென்றால் கியர் தொல்லையும் அதிலேயே தீர்கிறது. வலது கால் போனவருக்கு ஆக்சிலேட்டரை இடது பக்கம் மாற்றிக் கொடுக்கிறார்கள். இரண்டு காலும் வராதவருக்குக் கையாலேயே பிரேக்கும் ஆக்சிலேட்டரும் இயக்குகிற லீவர் உண்டு. ஒரு கையால் ஓட்டுபவருக்கு ஸ்டியரிங்கில் குமிழ். 2023 டிசம்பரில் கேரளத்தில் ஜிலுமோல் மரியட் தாமஸ் என்ற பெண், பிறவியிலேயே இரண்டு கையும் இல்லாதவர், காலால் ஓட்டும்படி மாற்றிய காரோடு லைசென்ஸ் வாங்கினார். அதற்கு முன் 2016-இல் இந்தூரில் விக்ரம் அக்னிஹோத்ரி. நம் மாநில அரசே இரண்டு காலும் பாதிக்கப்பட்டவர்களுக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் இலவசமாகக் கொடுக்கிறது, காரைக்குடித் தெருவிலேயே ஓடுகிறது. சட்டத்தில் இதற்கு 'மாற்றியமைக்கப்பட்ட வாகனம்' என்று தனி இடம் இருக்கிறது. மாற்றத்தை ஆர்.டி.ஓ. அனுமதியோடு ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றவேண்டும், டெஸ்டும் அந்த வண்டியிலேயே கொடுக்கவேண்டும்.

இருந்தும் ஆபீஸ் வாசலில் நடப்பது என்ன? போலியோ காலோடு ஊன்றுகோலில் வருகிற முப்பது வயதுக்காரரைப் பார்த்ததும் எல்லோரும் தயங்குவார்கள். பளிச்சென்று விபூதி பூசி, வெள்ளை வேட்டியில், இலையில் பாதியை மறந்த மனிதர் வந்தால் நாற்காலி போடுவார்கள். முதல் ஆளுக்குக் கண், காது, கவனம், வேகம் எல்லாம் முழுசு; வேண்டியது ஒரு லீவர்தான். கண்ணுக்குத் தெரிகிற குறைக்கு நாம் பயப்படுகிற அளவில் கால்வாசியாவது தெரியாத குறைக்குப் பயப்பட்டால் தேவலை. காது கேளாதவர் விஷயத்திலும் இதே கதைதான். 2011-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அவர்களுக்குக் கதவு திறந்தது. மிதமான நிறக்குருடு உள்ளவர்களுக்கு 2020-இல் திறந்தது.

ரோட்டுக்கு வருவோம். பிரிட்டன் மாதிரி நாடுகளில் இதற்கென்றே மையங்கள் இருக்கின்றன. டாக்டர், தெரபிஸ்ட், ஓட்டுநர் பயிற்சியாளர் சேர்ந்து பார்ப்பார்கள். நம் பக்கம் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. ஆனால் டிரைவிங் ஸ்கூல் கார் இருக்கிறதே. பக்கத்து சீட்டிலும் பிரேக் உள்ள கார். பொறுமையான, நாக்கு நீளாத ஒரு மாஸ்டராகப் பார்த்து நாலு வகுப்புக்குப் பணம் கட்டிவிடுங்கள். அப்பச்சியிடம் "டெஸ்ட்" என்று சொல்லாதீர்கள், "எட்டு மாசமா எடுக்கல, கை பழகட்டும்" என்றால் போதும். பொய்யும் இல்லை.

முதல் நாள் கார் நகரவே வேண்டாம். எஞ்சினை அணைத்து வைத்து, கால் ஆக்சிலேட்டரில் இருக்க, மாஸ்டர் திடீரென்று "பிரேக்" என்று சொல்லவேண்டும். கால் நேராகப் போய் உட்காருகிறதா, தடவித் தேடுகிறதா? பத்துத் தடவை செய்தால் தெரிந்துவிடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடித் தாமதம் என்றால் கார் 16, 17 மீட்டர் போயிருக்கும், நம் வீடுகளின் முகப்பிலிருந்து வளவு (உள்முற்றம்) தாண்டுகிற தூரம். அப்படியே கழுத்தையும் பாருங்கள். செட்டிநாட்டு ஊர்களில் வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிறது. முக்குக்கு முக்கு உயரச் சுவர். தெருமுனையில் மூக்கை நீட்டினால்தான் குறுக்கே வருவது தெரியும். கழுத்து முழுசாகத் திரும்பாதவருக்குப் பள்ளத்தூர் தெருக்கள் நெடுஞ்சாலையைவிட ஆபத்து.

இரண்டாம் நாள் காலியான மைதானம். மூன்றாம் நாள் ஊருக்குள், காலை பத்து மணிக்கு மேல். நாலாம் நாள் கோட்டையூர் தாண்டிப் புதுவயல் ரோட்டில், அரிசி ஆலை லாரிகள் ஓடுகிற நேரத்தில். மாஸ்டர் குறித்துக்கொள்ள வேண்டியது நாலைந்துதான். இடது ஓரத்தை உரசுகிறாரா, அல்லது பயந்து நடுரோட்டுக்கு ஏறுகிறாரா? எதிரே வண்டி வரும்போது வலதுபக்கம் திரும்பும் நேரத்தைச் சரியாகக் கணிக்கிறாரா? (வயதானவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.) பேச்சுக் கொடுத்தால் வண்டி தள்ளாடுகிறதா? நன்றாகத் தெரிந்த வழியில் திரும்பவேண்டிய இடத்தைத் தவறவிடுகிறாரா? மாஸ்டர் எத்தனை தடவை தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தார்? கடைசிக் கேள்விக்குப் பதில் ஒன்றுக்கு மேல் என்றால் இப்போதைக்கு வேண்டாம், மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். எட்டு மாதம் ஆகிவிட்டாலும் மூளை இன்னும் கொஞ்சம் தேறும்.

நீங்கள் பின்சீட்டில் உட்காராதீர்கள். மகன் பின்னால் இருந்தால் ஒன்று அவர் பதறுவார், இல்லை நீங்கள் பதறுவீர்கள்.

இதெல்லாம் முடிந்தபின் பதில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு வார்த்தையில் வரவேண்டியதில்லை. பகலில் மட்டும், மழையில்லாத நாளில், ஆட்டோமேட்டிக் காரில், பிள்ளையார்பட்டி வரைக்கும், விரதமில்லாத வயிற்றோடு என்று வரலாம். திருச்சி ராமேஸ்வரம் ரோடு கூடாது, மதுரை கூடாது, காரைக்குடி திங்கட்கிழமைச் சந்தை நேரம் கூடாது என்று வரலாம். லைசென்ஸில் இவையெல்லாம் ஏறாது, வீட்டு ஒப்பந்தம்தான். ஒரு தாளில் எழுதி அவரையே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். நம் பக்கத்துப் பெரியவர்கள் வாய்ச்சொல்லைவிடக் கையெழுத்துக்கு மதிப்புக் கொடுப்பார்கள். 55 தாண்டியவருக்கு லைசென்ஸ் ஐந்து வருடத்துக்குத்தான் புதுப்பிப்பார்கள், ஆனால் பக்கவாதமும் சர்க்கரையும் சேர்ந்தவரை ஐந்து வருடம் விட்டுவைக்க முடியாது. வருடத்துக்கு ஒருமுறை இதே சோதனைகள். நீங்கள் இருக்கிற ஊரிலேயே 65-லிருந்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை டாக்டர் பரிசோதனை இருக்கிறதே, அப்பச்சியிடம் அதைச் சொன்னால் "என்னை மட்டும் சந்தேகப்படுறீங்க" என்ற பேச்சு கொஞ்சம் அடங்கும்.

லைசென்ஸ் மாசியில் முடிகிறதே என்று அவசரப்பட்டு அந்தக் கையெழுத்தை வாங்காதீர்கள். முடிந்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் புதுப்பிக்கலாம், அதைத் தாண்டினால்தான் மறுபடி ஓட்டிக் காட்டவேண்டும். இடைப்பட்ட நாளில் ஓட்டக்கூடாது, அவ்வளவுதான். சோதனைகளுக்கு வேண்டிய நேரம் இருக்கிறது.

ஒருவேளை 'கூடாது' என்று வந்தால், சாவியை ஒளித்து வைக்கிற வேலை வேண்டாம். அதைச் செய்த வீடுகளில் பெரியவர் மறுவாரமே டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஏறிவிட்டதைப் பார்த்திருக்கிறேன். கார் ஓட்டக்கூடாதவருக்கு இரண்டு சக்கரம் இன்னும் மோசம், பக்கவாதம் வந்தவர் பலருக்குச் சமநிலை கெட்டிருக்கும். சொல்வதை டாக்டர் சொல்லட்டும், மகன் வாயிலிருந்து வரவேண்டாம். அவர் காரில் எங்கெங்கே போனார் என்று ஆத்தாவிடம் கேட்டு ஒரு பட்டியல் போடுங்கள். பேங்க், கோவில், மருந்துக்கடை, சனிக்கிழமை நண்பர் வீட்டுச் சீட்டாட்டம். நாலுக்கும் ஆக்டிங் டிரைவர் ஏற்பாடு செய்துவிட்டு அப்புறம் பேச்சை எடுங்கள். சதுர்த்திக்குக் காரை அவரே துடைத்து, அவரே முன்சீட்டில் உட்கார்ந்து, டிரைவரை ஏவிக்கொண்டு போகட்டும். பாதிப் பேருக்கு மூன்றாம் மாதம் அது பிடித்துப்போய்விடுகிறது.

எதற்கும் இந்த வாரமே ஆத்தாவுக்குப் போன் போட்டு இலையைப் பற்றிக் கேளுங்கள். மாத்திரைப் பெட்டி போட்டோவும் வேண்டும்.